எங்கள் வாசல் வழியாக

எங்கள் தெருவின் நடுவே ஒரு மஞ்சள் கோடு. இந்தப் பக்கம் டெட்ராய்ட். பாதி வீடுகள் ஆளில்லாமல், சன்னல்களில் பலகை அடித்துக் கிடக்கும். அந்தப் பக்கம் லேக்ஹேவன் என்ற பணக்கார ஊர், புல்லைக்கூட வாரிச் சீவி வைத்திருப்பார்கள். அவர்களுடைய பனி அள்ளும் வண்டி தன் பாதித் தெருவை மட்டும் வழித்துவிட்டுப் போகும்.

நான் ஐந்தாம் வகுப்புவரை லேக்ஹேவன் பள்ளியில் படித்தேன், திருட்டுத்தனமாக. அந்த ஊரில் வசிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அங்கே இடம். நான் தன்னோடுதான் வசிக்கிறேன் என்று எதிர்வீட்டு மிஸ் பெர்னி பள்ளியில் பொய் சொல்லியிருந்தார். கணவனை இழந்த வெள்ளைக்காரப் பெண்மணி. விடிவதற்குள் அம்மா என்னை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவார். அவருடைய ஓட்ஸ் கஞ்சியைக் குடித்துவிட்டு, அவர் முன்வாசல் வழியாகப் பள்ளிக்குக் கிளம்புவேன். வெளியூர்ப் பிள்ளைகளைப் பிடிக்கப் பள்ளி ஓர் ஆளை வைத்திருந்தது. அவன் ஒரு நாள் காரில் உட்கார்ந்து, நான் கோட்டைத் தாண்டி வருவதைப் பார்த்துவிட்டான். கணக்கு வகுப்பின் நடுவே பையோடு வெளியே அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையதுதான். கோபம் மட்டும் ஐந்தாம் வகுப்பிலேயே நிற்கிறது.

இப்போது லேக்ஹேவனில் பிள்ளைகள் இல்லை. அந்த விலைக்கு இளவயதுக்காரர்கள் யாரும் வீடு வாங்க முடியாது. இருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது. வகுப்பறைகளை ஒவ்வொன்றாகப் பூட்டியவர்கள், இந்த வருடம் டெட்ராய்ட் பிள்ளைகளும் வரலாம் என்று அறிவித்தார்கள். தயவெல்லாம் இல்லை. பள்ளியை மூடாமலிருக்க வேண்டும், அவ்வளவுதான். என் தங்கை நைலாவை அம்மா உடனே சேர்த்தார். நான் வீடே அதிரச் சண்டை போட்டேன். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டேன்: அவள் எங்கள் வாசல் வழியாக, எல்லோரும் பார்க்கப் போக வேண்டும்.

முதல் நாள் எழுந்தபோது நைலாவின் படுக்கை காலி. பின்கதவு திறந்திருந்தது. வெளியே ஓடினேன். இருட்டில் அம்மா குனிந்தபடி அவளை இழுத்துக்கொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா போற?"

"கத்தாதடி. யாராவது பாத்துடுவாங்க."

"பாக்கட்டுமே. இப்ப ஒளிய வேணாம்மா."

அம்மா நின்றார். "அட, ஆமா. கால் தானா வந்துருச்சுடி."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "வெர்லீன், நடு ரோட்டுல என்ன பேச்சு? கஞ்சி ஆறுது," என்றார் மிஸ் பெர்னி அம்மாவிடம். "மேல படுக்கையக்கூட கலைச்சு வெச்சிருக்கேன். அந்த ஆள் வந்தா, பிள்ள இங்கதான் தூங்குதுன்னு காட்டணும்ல."

"அவன் வரமாட்டான் மிஸ் பெர்னி," என்றேன். "அவனுக்கு இப்ப வேலையே இல்ல."

"ஓ." கையிலிருந்த கரண்டியையே பார்த்தார். "அப்ப பிள்ள இங்க வராதா?"



நைலாவை வீட்டுக்குத் திருப்பி அழைத்துப் போனேன். வெளிச்சம் வந்த பிறகு எங்கள் முன்வாசலைத் திறந்து, அவள் கையைப் பிடித்துப் படி இறங்கினேன். வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். அந்தக் கார் நிற்காதா என்று தெருவின் இரண்டு முனையையும் பார்த்தேன். பார்க்க ஒருவர்கூட இல்லை.

கோட்டைத் தாண்டியதும் நைலா கையை உதறிவிட்டு மிஸ் பெர்னியின் படியேறி ஓடினாள். "அக்கா, எனக்குப் பசிக்குது."

"நீயும் வாடி," என்றார் மிஸ் பெர்னி. "பட்டம் வாங்கினவளுக்குப் பசிக்காதா?"

அம்மா ஏற்கெனவே அந்தச் சமையலறையில்தான் இருந்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே உட்கார்ந்து ஒரு வாய் குடித்தேன்.

"உப்பு ஜாஸ்தி."

"எப்பவும் போடுறதுதானே?"

"எப்பவுமே ஜாஸ்திதான். அப்ப சொல்ல முடியல."

மிஸ் பெர்னி என் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். நாளையிலிருந்து குறைத்துப் போடுவதாகச் சொன்னார்.