நான்காவது மாடியில் இடுப்பு மாற்றுதல்

ஒரு வீடியோ கேமை உருவாக்கியவர், அதை உருவாக்கியது தான்தான் என்று நிரூபிக்க ஆண்டுக்கு ஒரு முறை ரசிகர்களோடு உட்கார்ந்து தேர்வு எழுத வேண்டும். நூற்றுக்கு முப்பத்தைந்து எடுத்தால் போதும். தவறினால், அந்த ஆண்டு முதல் மதிப்பெண் வாங்கிய ரசிகர் அதை உருவாக்கியவர் ஆகிவிடுவார். உருவாக்கிய நாட்களின் நினைவும் ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் அவரிடம் போய்விடும்.

கரூரில் சச்சிதானந்தம் என்று ஒருவர் இருந்தார். பட்டம் விடுகிற விளையாட்டு ஒன்றைச் செய்தவர். இருபத்தொன்பது மதிப்பெண்ணில் நின்றுவிட்டார். இப்போது அந்த விளையாட்டைச் செய்தவர் ஒரு பஸ் கண்டக்டர். திரையில் முதன்முதலாகப் பட்டம் எழும்பிய மத்தியானம், வெளியே பெய்த மழை, எல்லாம் கண்டக்டருக்கு ஞாபகம் இருக்கிறது. சச்சிதானந்தம் அந்த பஸ்ஸில் போகும்போது அதைப் பற்றிக் கேட்பார். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே சொல்வார்.

எனக்கு அந்த நிலைமை வராது என்று நான் அடித்துச் சொல்வேன். பதினாறு ஆண்டுகள் எழுதி, ஒரு முறைகூடத் தவறியதில்லை. ஒரு தடவை ஐம்பத்திரண்டு வாங்கினேன். படிக்காமல் போய் வாங்கியது.

என் பெயர் பெர்க்மான்ஸ். நான் செய்த விளையாட்டின் பெயர் ‘குடம்’. ஒரு பெண் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து, ஒன்பது மாடி ஏறி, சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். படிக்கட்டில் நாய் வரும், பந்து உருண்டு வரும், வீட்டுக்காரர் வழிமறித்து வாடகை கேட்பார். எண்பத்தொன்பதில், திருச்சி பாலக்கரையில் ஓர் ஐந்தாம் மாடி அறையில், எட்டு மாதத்தில் செய்தேன். நானும் என் மனைவி செலினும் அந்த அறையில்தான் இருந்தோம். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். ஒரே நாற்காலி. அதில் நான் உட்கார்ந்திருப்பேன். செலின் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அவள் போன பிறகு நான் தினமும் எடுத்துப் பார்த்துக்கொண்டது அந்த எட்டு மாதத்தைத்தான். அது போனால் எனக்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை.

இந்த ஆண்டுத் தேர்வு, வழக்கம்போல ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. இருநூற்றுப் பதிமூன்று ரசிகர்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஹாஜிரா பானு. பீமநகரில் மருந்துக் கடை வைத்திருக்கிறவர். ‘குடம்’ விளையாட்டை எண்ணூறு தடவைக்கு மேல் முடித்தவர். ஒவ்வொரு ஆண்டும் தொண்ணூற்றெட்டு வாங்குவார்.

“என்ன சார், இந்தத் தடவை விட்டுக் கொடுத்துருவீங்களா?” என்றார்.

“கனவு காணுங்கம்மா, தப்பில்ல” என்றேன்.

வினாத்தாள் வந்தது. மடமடவென்று எழுதினேன். எப்படியும் முப்பது தேறும். கடைசியில் பத்து மதிப்பெண்ணுக்குக் கட்டாய வினா: ‘நான்காவது மாடியில் அவள் நின்று, குடத்தை இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்கு மாற்றுவது ஏன்? அனுபவத்திலிருந்து எழுதுக.’

ரசிகர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இது. அவள் இடுப்பு மாற்றுகிற அந்த ஒரு நொடி எந்தப் பொத்தானும் வேலை செய்யாது. நாய் வந்து இடித்துவிடும். எத்தனையோ பேர் அங்கேதான் தோற்றார்கள். ஆட்டக்காரரின் பொறுமையைச் சோதிக்க நான் வைத்த நுட்பம் அது என்று எல்லாப் பேட்டியிலும் சொல்லியிருக்கிறேன். விடைக்குறிப்பே என் பேட்டிகளிலிருந்து எடுத்ததுதான். அதையே எழுதினால் பத்தும் விழும். பேனாவை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் ‘அனுபவத்திலிருந்து’ என்று போட்டிருந்தது. நான் ஒரு நாளும் தண்ணீர் தூக்கியதில்லை.

கையைத் தூக்கினேன். தேர்வுக் கமிட்டிச் செயலாளர் மருதமுத்து வந்தார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், மேற்பார்வையும் அவர்தான்.

“ஒரு குடம் வேணும்” என்றேன்.

“எவர்சில்வரா பிளாஸ்டிக்கா சார்?”

“பிளாஸ்டிக்.”

சமையலறையிலிருந்து பச்சைக் குடம் ஒன்று வந்தது. குழாயில் நிரப்பி, இடது இடுப்பில் வைத்துக்கொண்டு மண்டபத்துப் படிக்கட்டில் ஏறினேன். யாரும் தலை நிமிரவில்லை, நேரம் குறைவாக இருந்தது. முதல் மாடி ஒன்றும் தெரியவில்லை. இதற்கா இவ்வளவு பேச்சு என்றுகூட நினைத்தேன். இரண்டாவது மாடியில் சட்டை நனைந்தது. மூன்றாவதில் இடுப்பெலும்பு தனியாகக் கழன்று வருகிற மாதிரி இருந்தது. நான்காவது மாடிக்கு வந்ததும் நான் எதையும் முடிவு செய்யவில்லை. குடம் தானாக வலப்பக்கம் போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வெட்கமாக இருந்தது.

கீழே வந்து உண்மையை எழுதினேன். நான் வரைந்தபோது அவள் ஒன்பது மாடியும் ஒரே இடுப்பில்தான் குடத்தை வைத்திருந்தாள். அது தண்ணீர் தூக்காதவன் செய்கிற தப்பு. ஒருநாள் நான் இட்லி வாங்கப் போயிருந்த நேரம், செலின் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நான்காவது மாடியில் அவளை நிறுத்தி இடுப்பு மாற்ற வைத்துவிட்டாள். கம்ப்யூட்டரில் நிரல் எழுத, நான் பேசுவதைக் கேட்டே கற்றுக்கொண்டிருந்தாள். “யாரா இருந்தாலும் நாலாவது மாடில மாத்துவாங்க. உங்களுக்கு எங்க தெரியப் போகுது” என்றாள். அப்போது அவள் ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள். எங்கள் அறைக்குக் குழாயில் தண்ணீர் ஏறாது. நான் அந்த வரிகளை இரண்டு தடவை அழித்தேன். இரண்டு தடவையும் விளையாட்டு செத்த மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை அவளே திரும்ப எழுதினாள், நான் வாயை மூடிக்கொண்டேன். முப்பத்தைந்து வருடமும் மூடிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு முடிவு சொன்னார்கள்.

“சார், நீங்க நாப்பது. பாஸ்” என்றார் மருதமுத்து. “கடைசி விடை குறிப்புல இல்ல. ஆனா கமிட்டி மூணு பேரும் குடத்தைத் தூக்கிட்டு ஏறிப் பாத்துட்டோம். பத்துக்குப் பத்து.”

“சந்தோஷம்.”

“ஆனா அந்த விடைப்படி பாத்தா, விளையாட்டை உருவாக்குனது நீங்க இல்ல. மேடம்தான்.”

நான் ஹாஜிராவைப் பார்த்தேன். இந்த ஆண்டும் தொண்ணூற்றெட்டு. நியாயமாக அவர் சண்டை போட்டிருக்கலாம். “நாங்களும் தண்ணி தூக்குனவங்கதான் சார். மேடத்துக்குப் போறதுதான் சரி” என்று எழுந்து நின்று சொன்னார்.

“மேடம் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். நாளைக்குப் பத்து மணி” என்றார் மருதமுத்து.

“அவ இறந்து பதினோரு வருஷம் ஆச்சுங்க.”

“காரணம் எதுவும் ஏத்துக்கறதில்ல சார்.”

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அது போயிருந்தது. கல்யாணம் நினைவிருந்தது, மகன் பிறந்தது நினைவிருந்தது. நடுவில் எட்டு மாதம் சுத்தமாக இல்லை. மேலே அந்த அறையைப் பற்றி எழுதியிருப்பதெல்லாம் பின்னால் கேட்டு எழுதியது. சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டு மண்டபத்துக்குப் போனேன்.

செலின் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டாள். நீலப் புடவை. ஷேர் ஆட்டோவில் நெரிசலாம். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். பிறகு, ஆண்டுதோறும் நடப்பதுபோல, ரசிகர்கள் டோக்கன் வாங்கிக் கேள்வி கேட்டார்கள். ஆளுக்கு ஒரு கேள்வி. பதினாறு ஆண்டு நான் உட்கார்ந்த நாற்காலியில் அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பொய் சொல்வானேன், என்னைவிட நன்றாகப் பதில் சொன்னாள்.

என் முறை வந்தது.

“மேடம், இந்த விளையாட்டு எப்படி உருவாச்சு?”

செலின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“தினமும் பன்னெண்டு குடம் தூக்குவேன்” என்றாள். “ரூம்ல ஒரே ஒரு நாற்காலி. அதுல ஒருத்தர் உக்காந்து எதையாவது தட்டிக்கிட்டே இருப்பாரு. தண்ணி ஊத்துற சத்தம் கேட்டாக்கூடத் திரும்ப மாட்டாரு. கோவமா வரும். ஆனா அவர் மூஞ்சில ஒரு வெளிச்சம் இருக்கும் பாருங்க, அதப் பாக்கறதுக்குன்னே சில நாள் ஒரு குடம் அதிகமாவே தூக்கியிருக்கேன்.”

எனக்கு அந்த ஆள்மேல் பொறாமையாக இருந்தது.

“யார் மேடம் அவரு?”

“ஒரு டோக்கனுக்கு ஒரு கேள்விதான் சார்” என்றார் மருதமுத்து.

“வாங்கிட்டு வாங்க, இருக்கேன்” என்றாள் செலின்.

இன்னொரு டோக்கன் வாங்கினேன். வரிசை மண்டபத்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ரயில்வே மேம்பாலம் வரை போயிருந்தது. கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் மேடம் வந்த ஊரிலிருந்தே வருகிறாராம். தான் இறந்து ஆறு வருடம் ஆகிறது, இன்று அங்கிருந்து நிறையப் பேர் கிளம்பி வந்திருக்கிறார்கள் என்றார்.

“நீங்க என்ன கேக்கப் போறீங்க?” என்றார்.

“நாற்காலியில உக்காந்திருந்தது யாருன்னு.”

“நல்ல கேள்வி” என்று சொல்லி, தன் இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார்.