றொசல்லயில் ஒரு நிமிடம்

வெயிலுக்கு அஞ்சி ஓட்டுக்குள் ஒடுங்கிய நத்தை ஒன்று, மழை வந்து தட்டியபோதும் வெயில்தான் தட்டுகிறது என்றெண்ணி உள்ளேயே இருந்ததாம். இலங்கை மலையகத்தில், றொசல்ல ரயில் நிலையத்துக்கு மேலேயுள்ள மேட்டில் குடியிருக்கும் சிறிலைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த நத்தை நினைவுக்கு வருகிறது.

சிறிலும் முத்துலிங்கமும் ஒரே தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் எதிரெதிர் மேசைகளில் அமர்ந்தவர்கள். ஓய்வுபெற்ற பின், கனடாவிலுள்ள மகள் ஜெயந்தினியிடம் நிரந்தரமாகப் போகப்போவதாக முத்துலிங்கம் பழைய ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தார். பிரிவைத் தாங்காத சிறில், “மலையை விட்டு ஓடுகிறவனுக்கு இங்கே என்ன பேச்சு?” என்று எழுதிவிட்டார். நாற்பது பேர் பார்த்தார்கள். முத்துலிங்கம் குழுவிலிருந்து விலகினார்.

சிறில் வெட்கிப்போனார். ஆனாலும் மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. மறுநாள், தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன். தவக்காலம் முடியும்வரை கைபேசியைத் தொடுவதில்லை என்று நேர்ந்து, அதை அணைத்து பிஸ்கட் டின்னுக்குள் வைத்தார். வீட்டில் வேறு கைபேசி கிடையாது.

தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மனைவி மார்கிரட் மெல்லப் பேச்செடுத்தார்.

“ஞாயித்துக்கெழம நோம்புக் கணக்குல சேராதுங்க. ஒருக்கா தொறந்து பாருங்களேன். முத்துலிங்கண்ணே ஏதாச்சும் சொல்லியிருப்பாங்க.”

“ஏன், ஞாயித்துக்கெழம பாவத்துக்கும் லீவா?”

“பாவத்துக்கு இல்லங்க. ஒங்க வீம்புக்கு ஒரு நாளு லீவு குடுங்கன்னுதான் சொல்றேன்.”

சிறில் சிரித்தார்; டின்னைத் திறக்கவில்லை.

மறுநாள் அவர் வீட்டுப் பாத்தியில் போஞ்சிக் கொடிகளுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தபோது கொழும்புக்குப் போகும் ரயில் கீழே வந்து நின்று, கூவிப் புறப்பட்டது. அவர் நிமிரவில்லை. கைபேசி இல்லாத மனம் எத்தனை அமைதியாக இருக்கிறது என்று எண்ணி மகிழ்ந்தார்.

தவக்காலம் முடிந்து உயிர்த்த ஞாயிறன்று டின்னைத் திறந்தார். அந்த மூன்றாம் ஞாயிறு காலையில் வந்த குரல் பதிவொன்று காத்திருந்தது.

“டேய் சிறில், கோவம் போயிருச்சாடா? போன் போட்டா ஆஃப்னு வருது. நாளைக்குக் கெளம்புறேன். ரயிலு றொசல்லயில ஒரு நிமிசம் நிக்கும். வந்து நில்லு. நீ ஒண்ணும் பேச வேணாம், மூஞ்சிய மட்டும் காட்டு.”

மறுநாள் வந்த படமும் இருந்தது. ரயில் சன்னல் வழியே எடுத்தது. வெறும் மேடை, அதற்கு மேலே மேட்டில், போஞ்சிப் பாத்தியில் குனிந்த ஒரு முதுகு. கீழே ஒரு வரி: “பரவால்லடா. முதுகப் பாத்துட்டேன்.”

“மன்னிச்சுக்கடா” என்று சிறில் எழுதி அனுப்பினார். அது ஒற்றைக் குறியோடு நின்றது. நண்பரின் பழைய எண் இப்போது வேலை செய்யவில்லை.

படத்தை விரல்களால் பெரிதாக்கினார். பெரிதாக்கப் பெரிதாக்க அந்த முதுகு மங்கியதே தவிர, திரும்பவில்லை.