சிவப்பு மாத்திரை இல்லாத நாட்கள்

இன்றைக்கு ஒரு நாளாவது அவள் வராமல் இருந்துவிட்டால் என்ன? காய்ச்சல், பஸ் கிடைக்கவில்லை, ஃபேக்டரியில் விடவில்லை, ஏதோ ஒன்று. ஊரில் அத்தனை பேருக்கும் கிடைக்கிற சாக்கு இவளுக்கு மட்டும் ஏன் கிடைப்பதே இல்லை?

நினைத்த மறுகணமே நர்ஸுக்குச் சுருக்கென்றது. நெஞ்சுநோய்ப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக அவள் பார்க்கிற வேலையே, நோயாளிகளை நாள் தவறாமல் வரவைத்துத் தன் கண்முன்னால் மாத்திரையை விழுங்கவைப்பதுதான். வராதவர்களைத் தேடிச் சந்து சந்தாக அலைந்திருக்கிறாள். கதவுக்குப் பின்னால் ஒளிந்தவர்களைக் கெஞ்சியும் மிரட்டியும் இழுத்து வந்திருக்கிறாள். அப்படிப்பட்டவள் இன்று ஒருத்தி வரக்கூடாதே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மழை அடித்தாலும் இந்தப் பிரிவில் ஜன்னலை மூடக்கூடாது. காற்றில் படபடத்த படிவத்தின் மேல் ஸ்டேப்ளரைத் தூக்கி வைத்தாள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த படிவம். சாதாரண மருந்துக்கு மசியாத காசநோய் ஒருவருக்கு ஏன் வந்தது என்று இரண்டு பக்கத்துக்குக் கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம்.

எட்டு பத்துக்குத் தையல்காரி வந்து நின்றாள். சட்டை ஃபேக்டரியில் காலர் தைப்பவள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் சிரித்தன.

"என்னைப் பார்க்கலைன்னா உங்களுக்குப் பொழுது விடியாதே, வந்துட்டேன்க்கா."

"உட்காரு. கொஞ்சம் கேள்வி கேக்கணும்."

"பொண்ணு பார்க்க வந்தவங்ககூட இவ்வளவு கேக்கலை. சரி, கேளுங்க."

"வெளிநாட்டுல வேலை பார்த்திருக்கியா?"

"பாஸ்போர்ட்டுக்கு ஃபோட்டோ எடுத்ததோட சரி."

"குடிக்கிற பழக்கம்?"

"டீ."

"ஜெயில்ல இருந்ததுண்டா?"

"மாமியார் வீட்டைச் சேர்த்துக்கலாமா? ஏழு வருஷம். நன்னடத்தைக்குன்னு ஒரு நாள்கூடக் குறைக்கலை."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அவளை முன்னால் மடக்கிப் போட்டது. நர்ஸ் காத்திருந்தாள். முதுகைத் தடவிக் கொடுக்க எழுந்த கை மேஜை விளிம்போடு நின்றுவிட்டது.

"வீட்டுல வேற யாருக்காவது?"

"பொண்ணுக்கு நேத்துதான் நெஞ்சுப் படம் புடிச்சாங்க. சுத்தமா இருக்காம். இருந்தாலும் தனியாத்தான் படுக்க வைக்கிறேன். அழுவுறா." பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "எனக்கு ஒண்ணுதான்க்கா புரியலை. போன தடவை ஆறு மாசம், இதே நாற்காலி, ஒரு நாள் தவறினேனா? எங்க அண்ணி என்ன சொல்றா தெரியுமா? 'நீ மாத்திரையை வாயில போட்டுட்டு வெளிய வந்து துப்பியிருப்பே'ங்கிறா. எனக்கு வந்த கோபத்துக்கு... நீங்கதானேக்கா சாட்சி?"

நர்ஸ் தலையை ஆட்டினாள். அடுத்த கேள்வியை அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை. 'நோயாளி சிகிச்சையை இடையில் தானாக நிறுத்தினாரா?'

"வெளிய உட்காரு. டாக்டர் வரட்டும்."

அவள் போனதும் பழைய மருந்து அட்டையை எடுத்தாள். நாளுக்கு ஒரு டிக். ஆறு மாதமும் ஓட்டையில்லாமல் நிரம்பியிருந்தது. பார்க்கிறவர்கள் மெச்சுகிற அட்டை. ஆனால் மூன்றாம் மாதத்தில் பத்தொன்பது டிக்குகள் பொய் என்று போட்டவளுக்குத் தெரியும்.

சின்ன நாடு. மொத்த நாட்டுக்கும் வேண்டிய மருந்து ஒரே கப்பலில் வரும். அந்த முறை ஏதோ ஒரு காகிதத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போய், சிவப்பு மாத்திரை துறைமுகத்திலேயே கிடந்தது. வெள்ளை மாத்திரை மட்டும்தான் கையில் இருந்தது. இருப்பதைக் கொடுங்கள், அட்டையைக் காலியாக விடாதீர்கள் என்று மேலிடத்திலிருந்து ஃபோன் வந்தது. ஒன்றை மட்டும் தனியாகக் கொடுப்பது, கிருமிக்கு நாமே தப்பிக்கும் வழியைப் பழக்குவது போல. புதிதாகச் சேருகிற நர்ஸுகளுக்கு இதை அவள்தான் சொல்லிக் கொடுப்பாள். தெரிந்தேதான் கொடுத்தாள்.

"செவப்பு எங்கக்கா?" என்று அன்று தையல்காரியும் கேட்டாள். காலையிலிருந்து முப்பது பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று சொன்னால் எப்போது வரும் என்று கேட்பார்கள். நாக்கு அலுத்துவிட்டது. "உனக்கு இனிமே இது போதும்" என்றாள்.

நாலாம் நாள் இவள் முகமெல்லாம் பூரிப்பாக வந்து காதோடு சொன்னாள்: "ஒண்ணுக்கு செவப்பாப் போறது நின்னுடுச்சுக்கா! உடம்பு தேறிடுச்சு, இல்லே?"

அந்தச் சிவப்பு நோயின் நிறமல்ல, மாத்திரையின் நிறம். சொல்லியிருக்கலாம். நர்ஸ் சிரித்துவைத்தாள். பொய் சொன்னதுகூட இத்தனை நாளில் ஆறிவிட்டது. அந்தச் சிரிப்புதான் ஆறவில்லை. பயத்தில் செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளலாம். பயமில்லை, வெறும் சலிப்பு. சலிப்பு இவ்வளவு செய்யும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவள் மகன் வயது. நல்ல பையன், நோயாளிகளை வாங்க போங்க என்றுதான் பேசுவார்.

"முடிஞ்சுதா சிஸ்டர்? பதினொரு மணிக்குள்ள அனுப்பணும்."

"ஒரு கட்டம் பாக்கி இருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தானா நிறுத்தினாங்கன்னு போட்டுடுங்க."

"அவ நிறுத்தலை டாக்டர்."

"தெரியும். ஆனா மருந்து தீர்ந்துபோச்சுன்னு போட இதுல கட்டமே இல்லை. காலியா விட்டா கம்ப்யூட்டர் வாங்காது. உண்மையை எழுதினா அட்டையைக் கேப்பாங்க. அதுல இருக்கிறது உங்க கையெழுத்து. ரிட்டயராக இன்னும் ஒரு வருஷம். எதுக்கு சிஸ்டர் உங்களுக்கு இந்தத் தலைவலி?"

அவர் அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இவளுக்குக் கேக்கிற புது மருந்து இந்த வருஷம் ஆறு பேருக்குத்தானே வந்திருக்கு?" என்றாள்.

"ஆமா."

"தானா நிறுத்தினவங்களைப் பட்டியல்ல கடைசியில போடுவாங்க."

"அதை நான் மருந்து ஒதுக்குற கமிட்டியில பேசிப் பார்க்கிறேன்."

பேசிப் பார்க்கிறேன் என்பதன் எடை அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ டாக்டர்கள் பேசிப் பார்த்திருக்கிறார்கள். பேச்சு முடிவதற்குள் சிலருடைய அட்டைகள் பீரோவில் இறந்தவர்களுக்கான கீழ்த்தட்டுக்குப் போயிருக்கின்றன.

வெளியே தையல்காரி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். "பயப்படாதீங்கய்யா, இந்தக்கா இருக்காங்களே, ஒரு மாத்திரைகூட விடமாட்டாங்க. முழுங்குற வரைக்கும் தொண்டையையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க."

டாக்டர் தன் பேனாவை மூடி கழற்றி நீட்டினார். "ஒரே ஒரு டிக், சிஸ்டர். நீங்கதான் போடணும். கண்முன்னால குடுத்தவங்க கையெழுத்து வேணுமே."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். பத்தொன்பது முறை யோசிக்காமல் போட்ட கை. இருபதாவதற்கு என்ன புதுசாக யோசனை என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். வீட்டுக்குப் போய்க் கால் நீட்டிப் படுத்தால் போதும் என்றிருந்தது. இந்த அலுப்பில்தான் அன்றைக்கு 'உனக்கு இது போதும்' என்ற வார்த்தை வாயில் வந்தது.

அவள் மூடியைத் தேடி எடுத்துப் பேனாவை மூடினாள். படிவத்தின் மேல் பழைய அட்டையை வைத்து இரண்டையும் சேர்த்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நான் போடமாட்டேன் டாக்டர். அட்டையையும் சேர்த்தே அனுப்புங்க," என்றாள்.