பதினோராவது வரி

குணாவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைக்குப் பின்னால், அதே பிளாஸ்டிக் உறைக்குள், இன்னொரு அட்டையும் இருந்தது. அவன் சாப்பிடக் கூடாத பதினேழு சாமான்களின் பெயர்கள் அதில் முத்து முத்தாகத் தமிழில் எழுதியிருக்கும். எழுதியவன் அஸ்கர் அலி. அதே இரும்புக் கம்பி ஆலையில் ஸ்டோர் கீப்பர். பழவேற்காட்டுக்காரன், பி.காம். படித்தவன், குணாவுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சிநேகிதன்.

இருவரும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரே ஆலைக்குள் ஆறு வருஷம் வேலை பார்த்தும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. பேசிக்கொண்டது சென்னையில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்து வரிசையில். குணா இரண்டு வருஷமாக நிற்காத வயிற்றுப்போக்குக்கு வந்திருந்தான். அஸ்கர் மனசுக்கு வந்திருந்தான். அவனுக்குச் சில மாதம் தலைகால் புரியாத உற்சாகம், சில மாதம் எழுந்து பல் தேய்க்கவும் முடியாத பாரம். உற்சாகத்தில் இருந்த ஒரு வாரத்தில் பொன்னேரிச் சந்தையில் பன்னிரண்டு வாத்து வாங்கி ரயிலேற்றிக் கொண்டுவந்திருக்கிறான்.

"வாத்து எதுக்குடா?" என்று கேட்டான் குணா.

"அன்னிக்கு அதுங்க என்னப் பாத்து சிரிச்சாப்ல இருந்துச்சு மச்சான்."

பாரமாக இருந்த ஒரு நாளில் மீஞ்சூர் கேட் பக்கம் தண்டவாளத்தில் போய் நின்றதையும் அவன் இதே மாதிரிதான் சொன்னான். "வண்டி ரெண்டு மணி நேரம் லேட்டு. அதுக்குள்ள கேட்மேன் வந்து பளார்னு ஒண்ணு வுட்டான். சாவறதுக்குக்கூட நம்மூர் லோக்கல நம்ப முடியல, போ." குணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்படித்தான் அவர்கள் சிநேகிதமே தொடங்கியது.

குணாவுக்கு வந்திருந்தது சீலியாக் என்ற நோய். கோதுமையிலுள்ள ஏதோ ஒன்று குடலை உள்ளுக்குள் அரிக்குமாம். அதற்கு மருந்து மாத்திரை கிடையாது, வாயைக் கட்டுவதுதான் வைத்தியம் என்றார்கள். கவரைப்பேட்டையில் நெல் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தவனுக்குக் கோதுமை ஆகாவிட்டால் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்கலாம். சிப்காட் கேட்டுக்கு எதிரே இருக்கும் பரோட்டாக் கடையைப் பார்க்காதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். குணா பதினெட்டு வயசிலிருந்து அந்தக் கடையில் வளர்ந்தவன். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பதுபோல, ஷிப்டு முடிந்தால் அவனுக்குப் போக்கிடம் அதுதான்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகரம்மா இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார். ஊர் திரும்ப ரயிலுக்குக் காத்திருந்தபோது அஸ்கர் அதை உரக்கப் படித்துத் தமிழில் சொன்னான். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பன், பிஸ்கட் என்று வரிசையாகப் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் குணாவின் முகம் சுருங்கியது. பத்தாவதில் கையெடுத்துக் கும்பிட்டான்.

"போதும்டா சாமி. இன்னும் ஒண்ணு படிச்சேன்னு வையி, அதோ வர்ற வண்டிக்குத் தலைய குடுத்துருவேன்."

அஸ்கர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். அடுத்த திங்கட்கிழமை முழுப் பட்டியலையும் தமிழில் எழுதி, லேமினேட் செய்து, குணாவின் கழுத்தில் தானே மாட்டிவிட்டான். இங்கிலீஷ் தாள் ஸ்டோர் ஃபைலில் பத்திரமாக இருக்கும் என்றான்.

பதிலுக்குக் குணாவும் ஒரு பொறுப்பை ஏற்றான். அவனுக்கு ஆலையில் வேலை, கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கீழே நின்று கை சிக்னல் காட்டுவது. விரல் மேலே சுழன்றால் தூக்கு, கீழே சுழன்றால் இறக்கு, உள்ளங்கையை விரித்து நீட்டினால் நிறுத்து. தினமும் காலையில் ஸ்டோர் ஜன்னலைத் தாண்டும்போது அஸ்கர் அதே சிக்னலில் தன் மனசு எங்கே இருக்கிறது என்று காட்டுவான். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்டதும் மனசுக்கான மாத்திரையை நாக்கில் வைத்து நீட்டுவான். குணா எட்டிப் பார்த்து, "லோடு ஓகே, இறக்கு" என்பான். அப்புறம்தான் அஸ்கர் விழுங்குவான். அது ஒருவகை உப்பு மாத்திரை. டாக்டரே உப்பு என்றுதான் சொன்னாராம். "உனக்கு மாவு ஆவாது, எனக்கு உப்பு பத்தாது. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஓட்டல் வெச்சா உருப்படுமா மச்சான்?" என்பான் அஸ்கர்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. குணா பரோட்டாக் கடை வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தான். கல்யாணப் பந்தியில் கேசரியைப் பக்கத்து இலைக்குத் தள்ளினான். மனைவி இளமதி பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். அம்மா ஜானகியம்மாள் தன் பங்குக்கு, வயிறு சரியில்லாத பிள்ளையாயிற்றே என்று, தினமும் மோரில் பெருங்காயத்தைத் தாராளமாகக் கரைத்துத் தூக்குப் போகணியில் ஊற்றிக் கொடுத்தாள். ரசத்திலும் இரட்டிப்பு. "வாயுவுக்கும் வயித்துக்கும் இத்த வுட்டா வேற மருந்து ஏதுடா?" என்பாள். அந்த மோரில் பாதியை மத்தியானம் அஸ்கருக்கும் ஊற்றுவான் குணா.

ஆனால் ரத்தம் மட்டும் ஏறவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதித்தார்கள், ஒவ்வொரு முறையும் ஹீமோகுளோபின் ஒன்பதைத் தாண்டவில்லை. டாக்டர் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "வெளியில எதாவது சாப்பிடுறீங்களா?" என்றார். இளமதி சட்டைப் பையை மோந்து பார்க்க ஆரம்பித்தாள். ஆலையில் அவனுக்குப் 'பரோட்டா திருடன்' என்று பேர் விழுந்தது. வைத்தது அஸ்கர். எல்லாரும் சிரித்தார்கள், குணாவும் சிரித்துத் தொலைத்தான். செய்யாத திருட்டுக்குச் சிரிப்பதைத் தவிர வேறு என்னதான் செய்வது?

2007 தையில் கிரேன் ஓட்டும் இடம் ஒன்று காலியானது. பர்மனென்ட் வேலை. பதினோரு வருஷம் கீழே நின்று கையாட்டியவன் அந்தக் கூண்டுக்குள் ஏறி உட்காரத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தான். சூப்பர்வைசரே அவன் பேரைத்தான் எழுதிக் கொடுத்தார். மிச்சம் இருந்தது மருத்துவச் சோதனை மட்டும்.

அதில்தான் விழுந்தான். ரத்தம் குறைந்து தலைசுற்றுகிற ஆளை நாற்பதடி உயரத்தில் உட்கார வைக்க முடியாது என்று ஆலை டாக்டர் கையை விரித்துவிட்டார். இடம் பரசுராமனுக்குப் போயிற்று. அவன் தினம் எட்டு பரோட்டா தின்பவன்.

அந்த ஆத்திரத்தோடு குணா தனியாகச் சென்னைக்குப் போனான். உணவு ஆலோசகரம்மாவின் மேஜையில் கழுத்து அட்டையைக் கழற்றிப் போட்டான். "இதுல இருக்கிற ஒண்ணையும் நான் தொடலம்மா. சத்தியமா தொடல. பின்ன ஏன் இப்படி?"

அந்தம்மா அட்டையை நிதானமாகப் படித்தார். பிறகு தன் ஃபைலிலிருந்து இங்கிலீஷ் தாளின் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டார்.

"எங்க தாள்ல பதினெட்டு இருக்கே. உங்களதுல பதினொண்ணாவது இல்லையே."

"அது இன்னாம்மா?"

"பெருங்காயம். கடையில விக்கிறதுல பெரும்பாலும் மைதா கலந்திருக்கும்பா. வீட்ல போடுறாங்களா?"

குணாவுக்கு அம்மாவின் மோர்ப் போகணிதான் கண்ணில் வந்து நின்றது. ஒரு நாள் விடாமல் இரண்டு வருஷம் அதைக் குடித்திருக்கிறான்.

ரயிலில் வரும் வழியெல்லாம் அவன் மனசு அஸ்கருக்காக வாதாடியது. கைதவறி இருக்கும், எழுதுகிற அன்றைக்கு உடம்புக்கு முடியாமல் இருந்திருக்கும், ஒரு வரி கண்ணில் படாமல் போவது யாருக்கும் நடப்பதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான். கும்மிடிப்பூண்டியில் இறங்கியபோது, அவன் மன்னிக்கவே தயாராக இருந்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஸ்டோரில் அஸ்கர் போல்ட் எண்ணிக்கொண்டிருந்தான்.

"பதினொண்ணு இன்னாடா?" என்றான் குணா.

எந்தப் பதினொன்று என்று அஸ்கர் கேட்கவில்லை. கையிலிருந்த போல்ட்டை மட்டும் மெதுவாகக் கீழே வைத்தான். அந்த நொடியிலேயே குணாவுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

"தெரிஞ்சேதான் வுட்டியா?"

"தெரிஞ்சேதான் மச்சான்."

"ஏன்டா?"

"அன்னிக்கு பிளாட்பாரத்துல சொன்னியே. இன்னும் ஒண்ணு படிச்சா வண்டிக்குத் தலைய குடுத்துருவேன்னு." என்றான் அஸ்கர். "அப்புறம் எழுத உக்காந்தேன். பார்லி, ஓட்ஸு, சோயா சாஸு... உனக்குப் பேரே தெரியாத சாமான். எழுதிட்டேன். பதினொண்ணு எழுதினா சாம்பார் இல்ல, ரசம் இல்ல, மோர் இல்ல. உங்கம்மா கையால துன்ன ஒண்ணுமே மிச்சமில்ல. எழுத வரல மச்சான்."

"டேய், அது தமாசுடா! சும்மா சொன்னதுடா!"

"மீஞ்சூர் கேட் கதைய நானும் உனக்குத் தமாசாத்தானே சொன்னேன்?"

 குணாவின் கோபம் அடங்கவில்லை.

"சரி, அன்னிக்கு வுட்ட. ரெண்டு வருசம்டா! பக்கத்துல உக்காந்து அந்த மோர நீயும் தானே குடிச்ச? நான் குடிக்கிறத தினம் பாத்துக்கினு தானே இருந்த?"

"ஒவ்வொரு மாசமும் சொல்லிடணும்னுதான் வருவேன். நாளாவ நாளாவ சொல்ல மூஞ்சி இல்லாம பூட்டுச்சு."

"பரோட்டா திருடன்னு பேரு வெக்க மட்டும் மூஞ்சி இருந்துச்சா?"

அஸ்கர் தலையைக் குனிந்துகொண்டான். கிரேன் போனதைக்கூடக் குணா தாங்கியிருப்பான். இதுதான் ஆறவில்லை. ஊரே அவனைத் திருடன் என்றபோது அவன் திருடவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் இவன். இவனே முன்னால் நின்று சிரித்தான். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இது வேலி மேய்ந்துவிட்டுப் பயிர் சரியில்லை என்று ஊரைக் கூட்டிச் சொன்ன கதை.

குணா கழுத்து அட்டையை உருவி மேஜைமேல் எறிந்தான். "இத்தயும் உன் ஸ்டோர்லயே வெச்சுக்கோ."

வீட்டில் ஜானகியம்மாள் விஷயம் கேட்டு, பெருங்காய டப்பாவைக் கிணற்றடியில் உடைத்துப் போட்டுவிட்டு, "என் கையாலயே குடுத்தேனே" என்று அழுதாள். இளமதி அவன் சட்டையை மோந்து பார்த்ததற்காக அழுதாள். அழுகையெல்லாம் ஓய்ந்து பெருங்காயம் இல்லாத ரசம் வந்தது. வெந்நீரில் புளியைக் கரைத்ததுபோல் இருந்தது. குணா மறுபேச்சில்லாமல் குடித்தான்.

நான்கு நாள் அவன் ஸ்டோர் பக்கம் தலை திருப்பவில்லை. யார்டின் மறுகோடியில் கம்பிக் கட்டுகளின் நிழலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். மேலே பரசுராமன் கூண்டுக்குள் சினிமாப் பாட்டு பாடினான். அவனுக்குக் கையாட்டுகிற ஒவ்வொரு முறையும் குணாவுக்கு அஸ்கர்மேல் கோபம் புதுசாகப் பொங்கியது.

ஐந்தாம் நாள் காலையில் கிரேனுக்குப் போகிற வழியில் ஸ்டோர் ஜன்னலைக் கடந்தான். பார்க்கக் கூடாது என்று நினைத்தும் கண் போய்விட்டது. அஸ்கர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் நான்கு நாள் தாடி. அவன் குணாவைக் கூப்பிடவில்லை. ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை மட்டும் நீட்டியிருந்தான். விரல் தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சுழன்றது. இறக்கு, இறக்கு என்று அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது.

குணா கடந்து போனான். பத்தடி வைத்திருப்பான். மீஞ்சூர் கேட்டும், இரண்டு மணி நேரம் தாமதமாக வந்த வண்டியும், தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் ஞாபகம் வந்தன. இப்போதெல்லாம் வண்டி சரியான நேரத்துக்கு வருகிறது.

"சனியன்" என்று தனக்கே கேட்கும்படி திட்டிக்கொண்டு திரும்பி ஜன்னலுக்கு வந்தான்.

"மாத்திர போட்டியா?"

"நாலு நாளா யாரும் பாக்கலியே."

"பாக்காட்டி போட மாட்டியா? எங்க, எடு."

அஸ்கர் டிராயரைத் திறந்து மாத்திரையை எடுத்தான்.  நாக்கில் வைத்து நீட்டினான். குணா எட்டிப் பார்த்தான். வழக்கமாகச் சொல்கிற 'லோடு ஓகே'யைச் சொல்லவில்லை.

"இன்னிக்கு டாக்டரண்ட போறோம். நானும் வரேன்" என்றான். "ஆனா ஒண்ணு. உன்ன நான் மன்னிக்கலடா."

நாக்கை நீட்டியபடியே அஸ்கர் தலையாட்டினான். கண்ணிலிருந்து நீர் தாடிக்குள் இறங்கியது.

"முழுங்கு."

அஸ்கர் விழுங்கினான். வாய்க்குள் ஒன்றும் மிச்சமில்லை என்று திறந்து காட்டச் சொல்லி, உள்ளே நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் குணா நகர்ந்தான். இதற்கு முன்னால் அவன் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை.