மல்சுன் வாய் திறந்த மதியம்

1

அன்று அறையில் இருந்தவர்கள்: என் மனைவி மல்சுன். அவளுக்கு உணவூட்டப் பழக வந்த மிரான். பழக்கிய தாதி பியோன். நான். வேறு யாரும் இல்லை. நேரில் பார்த்ததாக எங்கள் ஊர் ஆண்டோங்கில் சொல்லித் திரிபவர்கள் பொய் சொல்கிறார்கள். அதனால்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். (பொறாமையால் எழுதுகிறேன் என்கிறாள் என் மகள். அடைப்புக்குறிக்குள் ஒப்புக்கொள்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: 'மிரான் அவசரக்காரி, வாயாடி, அவளை...' இந்த வரியை அடித்துவிட்டேன். வாயாடி மட்டும் உண்மை. ஐம்பது வயது, குட்டைக் கைகள், நிதானம்.

இரண்டாம் தொடக்கம்: 'எங்கள் வம்சத்தின் மூத்த வீட்டில் ஆண்களுக்குத் தனி மேசை. நாற்பத்தெட்டு வருடம் மல்சுன் சமையற்கட்டிலேயே சாப்பிட்டாள்.' இது இங்கே எதற்கு? தெரியவில்லை. இருக்கட்டும்.

3

நடந்தது இது. பக்கவாதம் வந்து மல்சுன் முதியோர் இல்லத்தில் சேர்ந்து எட்டு மாதம். மூன்று வேளைக் கஞ்சியும் என் கையால்தான். வேறு யார் கொடுத்தாலும் தொடமாட்டாள் என்று உறவினர் அனைவரிடமும் சொல்லி வைத்திருந்தேன். சில வாரங்களாக நாலு கரண்டியிலேயே இருமிப் பல்லைக் கடித்துக்கொண்டாள். எடை இறங்கியது. எனவே மிரான். பணியில் சேருமுன் அவள் ஒரு வேளை உணவை ஊட்டிக் காட்டவேண்டும்; குடும்பத்தார் ஒப்புதல் தாளில் கையெழுத்திடவேண்டும்.

பியோன் முதலில் மிரானை உட்காரவைத்து, தான் நின்றபடி அவளுக்குக் கஞ்சி ஊட்டினாள். மிரான் அண்ணாந்து வாங்கினாள். புரையேறியது.

"கொன்னுடுவீங்க போலிருக்கே அக்கா!"

"தெரியுதா? நின்னு ஊட்டினா தலை அண்ணாந்துடும். மூச்சுக்குழல்ல இறங்கிடும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்களும் உக்காரலாமே. எல்லைக் காவல்காரர் மாதிரியே நிக்கிறீங்க."

"எனக்கு நின்னுதான் பழக்கம்."

மூதாதையருக்கான சடங்கில் தவிர நான் யார் முன்னும் முட்டி மடக்கியதில்லை. எட்டு மாதமும் நின்றுதான் ஊட்டியிருந்தேன்.

மிரான் குட்டை முக்காலியை இழுத்து, மல்சுனின் முகத்துக்குக் கீழே உட்கார்ந்தாள். "அம்மா, குனிஞ்சு என்னைப் பாருங்க. என் மூஞ்சி என்ன அவ்வளவு மோசமாவா இருக்கு?"

மல்சுன் சிரித்தாள். குனிந்தாள். விழுங்கினாள். கிண்ணம் காலியானதும், எட்டு மாதத்தில் என்னிடம் சொல்லாத சொல்லை மிரானிடம் சொன்னாள்:

"இன்னும்."

[அப்போது எனக்குள் நடந்ததை ஒரு வாக்கியமாக எழுதினேன். அந்தக் குட்டைக் கையைப் பிடித்து... வேண்டாம்.]

4

முடிவு ஒன்று: கிழவர் தாளைக் கிழித்தெறிகிறார். என் விரல்கள் அதற்குத்தான் துடித்தன. ஆனால் அந்த முடிவில் மல்சுன் பட்டினி கிடப்பாள்.

முடிவு இரண்டு: கிழவர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறார். எங்கள் வீட்டில் எந்த ஆணும் கேட்டதில்லை. எப்படித் தொடங்குவது என்றுகூட எனக்குத் தெரியாது.

வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் கையெழுத்திட மறுத்து மிரானை விரட்டிவிட்டேன் என்று ஊரில் பேசுகிறார்கள். தவறு. கையெழுத்திட்டேன். திங்கள் முதல் காலையும் மாலையும் அவள்தான் ஊட்டுகிறாள். மதியம் ஊட்டப் பழகுபவர் என்று பியோனின் பயிற்சித் தாளில் என் பெயர் இருக்கிறது. இன்னும் தேறவில்லை.