உச்சி வெயிலில் ஒரு சாட்சி

ஆரணி குடை பிடிக்கவில்லை. சாவகச்சேரி பஸ் நிலையத்திலிருந்து நீதிமன்றம் வரைக்கும் சித்திரை வெயிலில் வேண்டுமென்றே மெல்ல நடந்தாள். கூட வந்த, அவள் வழக்கைப் பேசும் சட்டத்தரணி பிரசாந்திக்குப் பயம் பிடித்துவிட்டது.

"விசரே உமக்கு? மூச்சு முட்டினா என்ன செய்யிறது?"

"முட்டாது. குளிசை போட்டனான். எனக்கு இண்டைக்கு இந்த வெயில் வேணும்."

நரம்பு சொல்வதைத் தசை சரியாக வாங்கிக்கொள்ளாத நோய் அவளுக்கு. குளிசை போட்டால் குரல் தெளியும், கண் திறக்கும். ஆனால் உடம்பு சூடேறிவிட்டால் அதே குளிசை எடுபடாது. இமை தொங்கும், நாக்குக் குழறும். குளிர்ந்தால் திரும்பவும் சரிவரும். டொக்டர் செல்வரட்ணம் இதையெல்லாம் விளக்கியபோது, பக்கத்துக் கதிரையில் இருந்து தலையாட்டிக் கேட்டவன் அவள் கணவன் சுபாங்கன்.

அவனேதான் பிறகு அவள் குடிக்கிறாள் என்று கொக்குவில் முழுக்கப் பரப்பினான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பெற்றோர் முறைப்பாடு செய்ய, அவளுடைய ஆசிரியர் வேலை போனது. வேறொருத்தியைக் கட்டும் எண்ணத்தில் விவாகரத்துக் கேட்டவன், மகள் தாரிகாவையும் தன்னோடு கொண்டுபோனான். ஒருநாள் வீதியில் கண்ட பிள்ளை, "அம்மா, குடிச்சிட்டோ வாறியள்?" என்று கேட்டது. பிள்ளைக்கான வழக்கில் வென்றால் மட்டும் போதாது, அவன் சபை நடுவே நாறவேண்டும் என்று ஆரணி அன்றைக்கே முடிவெடுத்தாள்.

சுபாங்கன் முதலில் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தான். "அவவுக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஐயா. ஒரு டொக்டரும் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை."

அடுத்து ஆரணி ஏறினாள். பெயரைச் சொல்லும்போதே நாக்குத் தடித்தது. இரண்டு இமைகளும் சரிந்தன. சுபாங்கனின் சட்டத்தரணி பரமலிங்கம் துள்ளி எழுந்தார்.

"நீங்களே பாருங்கோ, ஐயா! கோட்டுக்கே குடிச்சிட்டு வந்து நிக்கிறா."

சபை சிரித்தது. சுபாங்கனும் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் வெயிலில் நடந்து வந்தாள்.

பிரசாந்தி டொக்டர் செல்வரட்ணத்தைச் சாட்சிக்கு அழைத்தாள். நீதிபதியின் அனுமதியோடு, சந்தை மீன்காரரிடம் வாங்கிய ஐஸைத் துணியில் சுற்றி, ஆரணியின் இடது கண்ணில் மட்டும் டொக்டர் வைத்துப் பிடித்தார். எடுத்தபோது அந்தக் கண் முழுதாகத் திறந்திருந்தது. வலது கண் தொங்கியபடியே கிடந்தது.

"ஒரு கண்ணிலை மட்டும் குடிவெறி முறியுமே, ஐயா?" என்றார் டொக்டர். "இந்த வருத்தத்தை நான் இவவின்ரை புருசனுக்கு விளங்கப்படுத்தினனான். அவர் கேள்வியும் கேட்டவர்."

திறந்த அந்த ஒற்றைக் கண்ணால் ஆரணி சுபாங்கனையே பார்த்தாள். அவன் முகம் வெளிறிப் போவதை ஆசை தீரப் பார்த்தாள்.

பிள்ளை தாயிடம் என்று அன்றே தீர்ப்பாயிற்று. வாசலில் சுபாங்கன் ஓடிவந்து மறித்தான்.

"பொய்ச்சத்தியம் எண்டு வழக்கு வந்தா என்ரை வேலை போயிடும், ஆரணி. பிள்ளையை நினைச்சாவது விடும்."

நாக்கு இன்னும் குழறியது. அவனுக்கு விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்: "என்ரை வேலையை... நீங்கள் பறிக்கேக்கையும்... பிள்ளை இருந்தவள்."

"வழக்குப் போடுவமோ?" என்று பிரசாந்தி கேட்டாள்.

"நாளைக்கே போடும்."

அவளுக்குத் துளி இரக்கமும் வரவில்லை. நல்லாய்ப் பசித்தது. மகளைக் கூட்டிவர ஓட்டோவுக்குக் கை காட்டினாள்.