தேதி போட்ட பொட்டலங்கள்

ஏப்ரல் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. லிஜி காலையிலேயே இரண்டு அன்னாசியையும் பாதி வரிக்கைச் சக்கையின் பலாச்சுளைகளையும் பொடியாக நறுக்கி, சர்க்கரை சேர்த்து, நீர் வற்றும்வரை கிளறி இறக்கினாள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு பிரித்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. மைதாவையும் வெண்ணெயையும் பிசைய ஒரு கை போதவில்லை. வலித்தாலும் இரண்டு கையாலும் பிசைந்தாள்.

ஓவன் கதவு சரியாக அடைபடாது. மணிக்கட்டு ஒடிந்த அன்றைக்குக் கணவன் ஷிபு உதைத்ததில் கீல் வளைந்துவிட்டது. அம்மிக்குழவியை முட்டுக்கொடுத்து வைத்தாள். முதல் தட்டு பிஸ்கட் அடியில் கருகியது. அதைத் தனக்கென்று ஒதுக்கிவிட்டு அடுத்த தட்டை வைத்தாள். அது நன்றாக வந்தது. மத்தியானத்துக்குள் வீடு முழுவதும் வெண்ணெயும் சக்கைப்பழமுமாக மணத்தது.

மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஒரு கல்யாணத்துக்குக் கேக் செய்து தருவதாக லிஜி ஒத்துக்கொண்டது ஷிபுவுக்குப் பிடிக்கவில்லை. பட்டப்பகலில் கேட்டைப் பூட்டிவிட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயால் முற்றத்தில் போட்டு அடித்தான். எதிர்வீட்டுப் பங்கஜாட்சி சத்தம் கேட்டு, தேங்காய் பறிக்கும் தோட்டிக்கம்போடு ஓடிவந்தாள். ஆட்டோ ஓட்டும் சோமன் கேட்டைக் கீல் கொளுவியிலிருந்து தூக்கிக் கழற்றினான். பின்னால் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்கள்தான் லிஜியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், போலீசிடம் கண்டதைச் சொன்னார்கள். வீடு லிஜிக்கு அப்பா தாசையன் எழுதிக்கொடுத்தது. அதனால் வெளியேறியவன் ஷிபு. இப்போது பொழியூரில் தன் மாமா வேதமாணிக்கத்தின் வீட்டில் இருக்கிறான்.

பிஸ்கட் ஆறியதும் லிஜி நான்கு பொட்டலம் கட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டினாள். பங்கஜாட்சிக்குத் தமிழில், மற்ற மூன்றும் மலையாளத்தில். கேரள எல்லையோரத்து அந்த ஊரில் இரண்டும் புழங்கின.

அந்த நேரத்தில் அவளுடைய அண்ணன் ஜோஷி வந்தான். ஒரு பொட்டலத்தை எடுத்துச் சீட்டை வாசித்தான். 'மார்ச் ஒன்பதாம் தேதி மத்தியானம் என் வீட்டுக்கு ஓடி வந்ததற்கு நன்றி. லிஜி.'

"பிஸ்கட் குடுக்கிய, குடு. தேதி எதுக்கு?"

"தேதி இல்லேன்னா எதுக்கு நன்றின்னு தெரியாதே."

"எட்டி, நாட்டுக்காரரு மறந்தாச்சு. நீயாட்டு ஓர்மைப்படுத்தியா?"

"அவிய மறக்கல்லே அண்ணா. மறக்கணும்னு நினைக்கியது நம்ம வீட்டுக்காரங்களாக்கும்."

ஜோஷி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குரலைத் தணித்துக்கொண்டான்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு வேதமாணிக்கம் மாமா வாறாரு. ஷிபுவும் கூட உண்டு. நீ ஒரு கையெழுத்துப் போட்டா கேஸு தீரும். அதுக்கெடையில இந்தச் சீட்டு ஊரெல்லாம் போனா அவனுக்கு மானம் உண்டா?"

"முற்றத்தில போட்டு அடிச்சப்போ எனக்கு அது உண்டாயிருந்ததா?"

அவன் சீட்டின் ஓரத்தை நகத்தால் கிளப்பினான். லிஜி பொட்டலத்தை அவன் கையிலிருந்து வாங்கி, சீட்டை விரலால் அழுத்தி ஒட்டினாள்.

"கிழிச்சா வேற எழுதுவேன். பேனாவில மை உண்டு."

பொட்டலங்களைக் கூடையில் வைத்துக்கொண்டு, அண்ணன் பார்த்திருக்கவே இறங்கி நடந்தாள்.

பங்கஜாட்சி கொல்லையில் மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு சீட்டை இரண்டு தரம் வாசித்தாள். முகம் தெளியவில்லை.

"அப்போ நீ கேஸை விடப் போறதில்லியா மக்கா?"

"ஆரு பறஞ்சா விடப் போறேன்னு?"

"உனக்க அண்ணன்தான். செவ்வாக்கிழமை வந்து, கோர்ட்டுக்கு ஒண்ணும் வரவேண்டாம், லிஜிக்கு அதில இஷ்டம் இல்லேன்னு பறஞ்சான். நீ அனுப்பின ஆளாக்கும்னு நினைச்சேன். அன்னைக்கு நாங்க வந்தது உனக்குக் கொறச்சலாப் போச்சோன்னு, இந்த மூணு நாளா உனக்க முகத்தில முழிக்கல்லே."

லிஜிக்குக் காது சூடானது. அந்த மூன்று நாளும் எதிர்வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது. எல்லோரும் களைத்துப்போய் விலகுகிறார்கள் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்.

"நான் அனுப்பல்லே அக்கா. நீங்க வரல்லேன்னா நான் இன்னைக்கு இல்ல."

பங்கஜாட்சி பொட்டலத்தை அங்கேயே பிரித்து ஒன்றை வாயில் போட்டாள். "சக்கைப்பழம்" என்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஜோஷி மற்ற வீடுகளுக்கும் போயிருந்தான். ஒவ்வொரு வீட்டிலும் லிஜி அதே பதிலைச் சொல்ல வேண்டியிருந்தது. சோமன் கேட்டுவிட்டுப் பொட்டலத்தை வாங்கினான். சீட்டை மட்டும் பிரித்து எடுத்து, ஆட்டோவின் முன் கண்ணாடியில், ஏறுகிறவர்கள் வாசிக்கும்படி உள்பக்கமாக ஒட்டினான். "வாயிக்கறவன் வாயிக்கட்டே" என்றான்.

திரும்பி வருகையில் லிஜி தன் வீட்டை ஒட்டிய விஜயம்மாவின் வாசலில் நின்றாள். அந்த வீட்டுச் சன்னல் லிஜியின் முற்றத்தைப் பார்த்தது. அன்றைக்கு அது சாத்தப்பட்டதைத் தரையில் கிடந்தபடி அவள் கண்டிருந்தாள். கூடையில் பொட்டலம் மீதியில்லை. ஒரு தாளில் தனியாக மடித்து வைத்திருந்த ஐந்தாறு பிஸ்கட்டுகளை நீட்டினாள்.

"இது நன்றிக்கு இல்ல சேச்சி. அடுத்த வீடுன்னு தாறேன்."

விஜயம்மா வாங்கிக்கொண்டாள். "ஞான் கேட்டு லிஜி. பேடிச்சு போயி" என்றாள். பயந்துபோனது அவள் குரலில் இப்போதும் இருந்தது.

"எனக்கும் பேடிதான் சேச்சி" என்று சொல்லிவிட்டு லிஜி நடந்தாள். அவளை மன்னித்ததாகத் தோன்றவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்ன நிம்மதி மட்டும் இருந்தது.

மறுநாள் பதினோரு மணிக்குக் கார் வந்து நின்றபோது, லிஜியின் பலா மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பங்கஜாட்சியும் சோமனும் மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். லிஜி யாரையும் கூப்பிடவில்லை. விஜயம்மா வரவில்லை.

வேதமாணிக்கம் இறங்கி எல்லோரையும் பார்த்தார். ஷிபு காரிலேயே இருந்தான்.

"இது குடும்பக் காரியமாக்கும். வெளியாளு கொஞ்சம் எழும்பினா நல்லது."

"நாங்க சாட்சி. வெளியாளு இல்ல" என்றாள் பங்கஜாட்சி.

அவர் லிஜியிடம் திரும்பிச் சிரித்தார். "பிஸ்கட்டு குடுத்துச் சாட்சி பிடிச்சாச்சு, இல்லியா?"

"அவிய போலீசிட்ட சொன்னது மார்ச்சில மாமா. பிஸ்கட்டு சுட்டது நேத்து. அதுக்குத்தான் தேதி போட்டிருக்கேன்."

சோமன் வாய்விட்டுச் சிரித்தான். வேதமாணிக்கம் பையிலிருந்து காகிதத்தை எடுத்து ஜோஷியிடம் கொடுத்தார். ஜோஷி அதைத் தங்கையிடம் நீட்டினான். அவன் கை நீண்டபடியே நின்றது. லிஜி வாங்கவில்லை.

"அண்ணா, எனக்க பேரில நாலு வீடு ஏறி நீ பொய் பறஞ்ச. அப்பா எழுதித் தந்த வீட்டில இருந்துதான் கேக்கேன், உனக்கு ஆரு அந்த அதிகாரம் தந்தது?"

ஜோஷி காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறினான். கேட்டைச் சோமன் கழற்றிய பிறகு இன்னும் சரியாகப் பொருத்தவில்லை. காரைத் திருப்ப அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. லிஜியே போய்ப் பிடித்தாள். கார் கடந்தபோது ஷிபு மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன்பிறகு ஜோஷி பல மாதம் அந்தப் பக்கம் வரவில்லை. கிறிஸ்துமஸ் வரைக்கும் போனில்கூடப் பேசவில்லை. லிஜிக்கு அது வலித்தது. ஆனால் தானாகக் கூப்பிடவில்லை.

லிஜி கேட்ட பாதுகாப்பு மனு விசாரணைக்கு வர, ஜூலையில் நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்குச் சோமனின் ஆட்டோவில் போனார்கள். மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. கூண்டில் ஏறிய பங்கஜாட்சியிடம் ஷிபுவின் வக்கீல் கேட்டார், லிஜி அவளுக்கு என்ன உறவு என்று.

"எதிர்வீடு" என்றாள் பங்கஜாட்சி.

"சொந்தமொன்றும் இல்லையா?"

"கண்ணு ரெண்டும் எனக்குச் சொந்தம் சாரே. அதில கண்டதைப் பறயியேன்."

ஷிபு அந்த வீட்டு எல்லைக்குள் கால் வைக்கக்கூடாது என்ற உத்தரவு அடுத்த வாரம் வந்தது. அடிதடி வழக்கு இன்னும் நடக்கிறது. சமாதானம் பேச இரண்டு தரம் வேறு ஆட்கள் வந்தார்கள். இரண்டு தரமும் லிஜி அவர்களுக்குக் கடுஞ்சாயா போட்டுக் கொடுத்து, முற்றத்திலேயே உட்கார வைத்து, எதிர்வீடு கேட்கும்படி உரக்கவே பேசி அனுப்பினாள்.